பக்கம் திருப்பாத படிப்பு

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு பேர் பள்ளிக்கூடம் போய்ப் படித்தார்கள். மூன்றாவதாகப் பிறந்தவள் மட்டும் வீட்டிலேயே படித்தாள். அவளை வீட்டில் வைத்தே படிக்க வைத்தவள் நான் என்று சபையில் தலை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். எப்படிப் படித்தாள் என்று மட்டும் வீட்டுக்கு வெளியே யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அவளுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிப்போயிற்று. அப்போது நாங்கள் மல்லசமுத்திரம் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் குடியிருந்தோம். தீவனம் போடுவதும் முட்டை பொறுக்குவதும் என் வேலை. வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தச்சர். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார்.

பள்ளிக்கூடம் இரண்டு மைல். நானே இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் விட்டேன். வந்துபோக வசதி என்று அவளை வாசற்படிக்கு வெளியே உட்கார வைத்தார்கள். வசதி யாருக்கு என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம். ஒரு நாள் சொல்லாமல் மத்தியானம் போய்ப் பார்த்தேன். காலையில் நான் துடைத்துக் கொடுத்த சிலேட்டு அப்படியே இருந்தது. ஒரு எழுத்து அதில் விழவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு எங்கள் சபைப் போதகர் ஐயா ஒரு காகிதம் கொண்டுவந்தார். கால் விளங்காத பிள்ளைகளுக்கென்று திருச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு விடுதி. சோறு, துணி, படிப்பு எல்லாம் அங்கேயே. வருஷத்துக்கு ஒரு தரம் வீட்டுக்கு அனுப்புவார்கள். நல்ல இடம் என்றார் போதகர். நல்ல இடம் என்றார் வீட்டுக்காரர். எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறேன் என்றேன். வீட்டுக்காரர் ஒரு கெடு வைத்தார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் பிள்ளை எழுந்து நின்று வேதபாடம் படிக்கட்டும், அப்படிப் படித்தால் இங்கேயே இருக்கட்டும், இல்லையென்றால் ஜனவரியில் விடுதி என்றார். நான் ஒப்புக்கொண்டேன். அவளுக்கு அப்போது எட்டு வயது நடந்துகொண்டிருந்தது.

முதலில் வந்தவர் ஒரு ரிட்டையர் ஆன வாத்தியார். பக்கத்து ஊர்க்காரர், நிலம் நீச்சு உள்ளவர், பொடி போடுவார். சைக்கிளில் பதினொரு மணிக்கு வருவார். அவர் சொல்லிக்கொடுத்த விதம் எனக்கு ஒட்டவில்லை. பாடப் புத்தகம் கிடையாது. பஸ் டிக்கெட், மருந்துப் பொட்டலம், ரைஸ்மில் ரசீது என்று சட்டைப் பையிலிருந்து எதையாவது எடுத்து நீட்டி, இதில் உனக்குத் தெரிந்த எழுத்து எது என்பார். பிள்ளை ஒரு நாளைக்கு நான்கு எழுத்தைக் கண்டுபிடித்தால் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலே, சிலேட்டின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுத்தான் ஆரம்பிப்பார். அவர் அந்தப் பக்கம் திரும்பினால் நான் எச்சில் விரலால் அதை அழித்துவிடுவேன். மூன்றாம் நாள் கண்டுகொண்டார். "சுழிய அழிச்சா அழிச்சுக்குங்க அம்மிணி, கீழ இருக்கற எழுத்தத் தொட்றாதீங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோபப்படாத மனுஷனை எப்படி நம்புவது?

சபையிலிருந்து வீடு வீடாக வந்து ஜெபிக்கும் அம்மாள் ஒருவர் இருந்தார். பைபிளம்மா என்போம். அவர் ஒரு நாள் சிலேட்டைப் பார்த்துவிட்டு முகம் சுருங்கினார். கிறிஸ்தவப் பிள்ளையின் முதல் எழுத்து வேதத்திலிருந்து வர வேண்டாமா என்றார். தானே புதன், வெள்ளி வந்து சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. வாத்தியாரை நிறுத்தினேன். அவர் பொடி டப்பாவை மூடிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார்.

பைபிளம்மாவின் விதம் வேறு. வேதப்புத்தகத்தைப் பிள்ளையின் மடியில் வைப்பார். ஒரு வசனம் சொல்வார். பிள்ளை அந்த வரியில் விரல் வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். பத்துத் தரம், இருபது தரம். தப்பில்லாமல் சொன்னால் கலர்ப் படம் போட்ட அட்டை ஒன்று. நான்கு மாதத்தில் தலையணைக்கு அடியில் அட்டை ஒரு சாண் உயரம் சேர்ந்துவிட்டது. சாயங்கால ஜெபத்தில் அவள் படித்தால் பண்ணை முதலாளி அம்மாகூட வரப்பில் நின்று கேட்டுவிட்டுப் போவார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் நெஞ்சுக்குள் ஒரு முள். நான்கு எழுத்துக்குத் திணறிய பிள்ளை எப்படி இப்படி மடை திறந்த தண்ணீர் மாதிரி போகிறாள்?

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம். கிறிஸ்துமஸுக்கு என்று பைபிளம்மா பழக்கிய பாடத்தைப் படித்துக்காட்டினாள். இருபது வசனம். விரல் வரி வரியாக நகர்ந்தது, குரல் எங்கும் தடுக்கவில்லை. முடித்து ஆமென் சொன்னாள். நான் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். எண்கள் எனக்கு நன்றாகத் தெரியும், முட்டை எண்ணுகிறவள் அல்லவா. அந்தப் பக்கத்தின் கடைசி எண் பதிமூன்று. மீதி ஏழு வசனம் அடுத்த பக்கத்தில் இருந்தது. அவள் தாளைத் திருப்பவே இல்லை.

மறுநாள் காலையில் அவளைத் தீவனக் கொட்டகைக்குத் தூக்கிப் போனேன். மூட்டை வாயில் தைத்திருக்கும் சீட்டைக் காட்டினேன்.

"அம்மிணி, இதுல என்ன போட்டிருக்குதுன்னு படி."

வேதத்தில் வைப்பது மாதிரியே விரல் வைத்தாள். விரல் அழகாக நகர்ந்தது. "முட்டைக்கோழித் தீவனமுங்க" என்றாள்.

மூட்டைக்குள் கையை விட்டேன். முட்டைக்கோழித் தீவனத்தில் கிளிஞ்சல் தூள் கலந்திருக்கும், கையில் நறநறக்கும். இது மாவாக இருந்தது. குஞ்சுத் தீவனம்.

"நீ வேதம் படிக்கறியா, ஒப்பிக்கறியா?"

அவள் அழவில்லை. "நீங்க எப்படிப் படிக்கறீங்களோ அப்படித்தானுங்கம்மா நானும் படிக்கறேன்."

"நான் எப்படிப் படிக்கறேன்?"

"பக்கம் திருப்பாம."

மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துத் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. பெண் பார்க்க வந்தபோது மாமியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பெண் வேதம் படிப்பாளா? படிப்பாள் என்றார் என் அம்மா. கல்யாணத்துக்குள் வேதத்தில் இருக்கும் ஆறு சங்கீதப் பாட்டுகளைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்ய வைத்தார். வீட்டுக்காரர் ஊரில் இல்லாத ஐந்து நாளும் குடும்ப ஜெபத்தில் அந்த ஆறைத்தான் மாற்றி மாற்றி, புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டு, பதினாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவள் இந்தப் பிள்ளைதான். பைபிளம்மாவைச் சந்தேகப்பட்டது வீண். அவள் பாடம் படித்தது என்னிடம்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் ஆகிவிடும். கிறிஸ்துமஸுக்கு அதே பாடம்தான். ஒப்பித்துவிடுவாள், எல்லாரும் தோத்திரம் சொல்வார்கள், பிள்ளை என்னோடு இருப்பாள். வாயைத் திறந்தால் ஜனவரியில் அவளும் போவாள், என் மானமும் போகும். மூன்று நாள் யோசித்தேன். பள்ளிக்கூடத்து வாசற்படியில் எழுத்து விழாத சிலேட்டோடு அவள் உட்கார்ந்திருந்தது கண்ணைவிட்டுப் போகவில்லை. அதே படியில்தான் நானும் அவளை உட்கார வைத்திருந்தேன். மேலே ஒரு சாண் அட்டை அடுக்கியிருந்தேன், அவ்வளவுதான்.

நான்காம் நாள் வாத்தியாரைத் தேடிப் போனேன். கடலைக்காட்டில் களை எடுப்பவர்களோடு நின்றிருந்தார். மறுபடியும் வரவேண்டும் என்றேன். பிள்ளைக்கு மட்டும் இல்லை என்பதையும், தரையைப் பார்த்துக்கொண்டு, சொல்லிவிட்டேன்.

"நான் சுழி போடுவனுங்களே" என்றார்.

"போடுங்க. நான் அழிச்சுக்கறேன்."

மறுநாள் வீட்டுக்கு வந்து, அவள் மனப்பாடம் செய்யாத புத்தகம் ஒன்று வேண்டும் என்றார். வீட்டில் இருந்த புத்தகமே வேதம் ஒன்றுதான். கையைக் கழுவித் துண்டில் துடைத்துவிட்டுத்தான் அதை வாங்கினார், அதைக் கவனித்தேன். வெகு நேரம் புரட்டினார். இன்னாருக்கு இன்னார் மகன், அவனுக்கு இன்னார் மகன் என்று பெயராகவே நிறைந்த ஒரு பக்கத்தில் நிறுத்தினார். எங்கள் சபையில் யாரும் திறக்காத பக்கம். "இது ஒருத்தருக்கும் வாயில நுழையாதுங்க, அதனால மனசுலயும் நிக்காது. எழுத்தப் பாத்துத்தான் ஆகோணும்" என்றார். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அவர் அதற்குள் முதல் பெயரில் விரல் வைத்திருந்தார்.

அப்படித்தான் எங்கள் படிப்பு நடந்தது. பாயில் ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் நான். ஒரு பெயரைக் கூட்டிப் படிக்க அரை மணி நேரம். அவள் எனக்கு முந்திக்கொண்டாள், எனக்கு ஆத்திரமாக வரும். வாத்தியார் ஒவ்வொரு நாளும் சுழி போட்டார், நான் ஒவ்வொரு நாளும் அழித்தேன். பைபிளம்மாவிடம் ஜெபத்துக்கும் பாட்டுக்கும் வாருங்கள், எழுத்து வேண்டாம் என்றேன். மனம் வருந்திப் பல நாள் வரவில்லை.

வீட்டுக்காரரிடம் ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டார்.

"நீ படிக்கறதில்லீன்னு கல்யாணமான மொத வாரமே எனக்குத் தெரியும்" என்றார்.

"ஏனுங்க, அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா அந்த ஆறையும் நிறுத்திப்போடுவே."

இந்த மனுஷன் இன்னும் எதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிறாரோ என்று அன்று தொடங்கிய சந்தேகம் அவர் சாகிற வரைக்கும் எனக்குத் தீரவில்லை.

கிறிஸ்துமஸ் காலையில் போதகர் ஐயாவிடம் போய், பழக்கின பாடம் வேண்டாம், நீங்களாக ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுங்கள் என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, நடுவில் எங்கோ பிரித்துக் கொடுத்தார். அவள் கம்பை ஊன்றி எழுந்து நின்றாள். எழுத்து எழுத்தாக எடுத்தாள். இரண்டு வரிக்குள் முன்வரிசைப் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பைபிளம்மா தலையைக் குனிந்துகொண்டார். மடை திறந்த மாதிரி படிக்கிற பிள்ளை என்று கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அசையவில்லை. ஒரு சொல்லில் நின்றாள், பின்னால் போனாள், மறுபடி வந்தாள். பக்கத்தின் அடிக்கு வந்ததும் விரலை நாக்கில் தொட்டு, தாளைத் திருப்பினாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

வெளியே வந்ததும், பிள்ளை வரவில்லை என்று விடுதிக்கு எழுதிப் போடலாம் என்றார். பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீயே எழுது." நான்கு வரி. இரண்டு நாள் ஆயிற்று. நான் எழுதின முதல் கடிதம் அது.

அவள் பிற்பாடு எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதித் தேறினாள். இப்போது அவள் மகள் என்னோடு இருக்கிறாள், சாமி என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவேன். பதினோராம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம், வாய் வேகம் அதிகம். எனக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. எழுத வருகிறது, எழுதினதைப் படிக்க முடியவில்லை.

சாமி, இங்கே வா. இதை எடுத்துப் படித்துக் காட்டு. உன் அம்மாவிடம் கேட்ட கதையை வைத்து நீயாகச் சொல்லிக்கொண்டு போகாதே. மொத்தம் ஐந்து தாள். திருப்புகிற சத்தத்தை நான் எண்ணிக்கொண்டிருப்பேன்.