மூன்றாம் தண்ணிக்குப் பிறகு

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்டால் பதில் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள். கடிதங்களைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேருக்கு முன்னால் கதைக்கவும் எனக்கு வராது. வைத்தியம் படித்தவர்கள் சொல்ல வேண்டிய விஷயத்தில் தோட்டக்காரனின் பெண்சாதி ஏன் கை வைக்கிறாள் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுப் படலையில் கட்டியிருந்த வேப்பங்குழையை அவிழ்த்தார்கள். மூத்த பெட்டைக்கு வந்த அம்மாள் வருத்தம் மாறிவிட்டது. இளையவள் அடுத்த நாளே புதுச் சட்டை போட்டுக்கொண்டு கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டு நின்றாள். "இவளுக்கு ஒண்டும் போடேல்லை அக்கா, உடம்பு பளிங்கு மாதிரிக் கிடக்கு" என்றாள் தாய். நான் "ஓம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொல்ல வேண்டியதை அங்கே சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. பாணுக்கு விடியவே வரிசையில் நின்ற காலம். நாங்கள் அன்றும் கோப்பாயில்தான் இருந்தோம். மகனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு நாலு. என் அக்கா கலியாணம் செய்து போனது உடுவிலுக்கு. அக்காவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மூன்று தரம் வயிற்றில் தங்கி, மூன்றும் நாலாம் ஐந்தாம் மாதங்களில் போய்விட்டன. நாலாவது தங்கியது. பிள்ளைப்பேற்றுக்கு இன்னும் ஐந்து கிழமைதான் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் அம்மா இல்லை. தாய் போய்ச் செய்ய வேண்டியதை நான்தான் செய்ய வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மகனுக்கு அம்மாள் வந்தது. ஆஸ்பத்திரியில் கொப்புளிப்பான் என்பார்கள். படலையில் குழை கட்டினோம். வீட்டில் தாளிதம் இல்லை, பொரியல் இல்லை, மீன் மச்சம் இல்லை. வந்தவர்கள் குழையைக் கண்டு படலையோடு திரும்பினார்கள். கொப்புளங்கள் வாடத் தொடங்கியதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை அவனுக்குத் தலையில் வார்த்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மூன்று தண்ணி. மூன்றாம் தண்ணி வார்த்தால் வீடு துப்புரவு. குழையை அவிழ்க்கலாம், கோயிலுக்குப் போகலாம், ஆட்கள் வரலாம். இதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் இரண்டாவது கதை கிடையாது. வருத்தம் வந்து பதினோராம் நாள் மூன்றாம் தண்ணி வார்த்து, குழையை அவிழ்த்து, வீடு மெழுகினேன்.

அதற்கு இரண்டாம் நாள் சின்னவளைக் கூட்டிக்கொண்டு உடுவிலுக்குப் போனேன். பிள்ளை பெற்றபின் கறிக்குப் போட இடித்து அரித்த சரக்குத்தூள் ஒரு பேணி நிறையக் கையில். அத்தானின் தாய் படலைக்குள்ளேயே மறித்தார். அவரை நானும் மாமி என்றுதான் கூப்பிடுவேன்.

"நில்லு பிள்ளை. பெடியனுக்கு எத்தினை தண்ணி வாத்தனீ?"

"மூண்டும் வாத்தாச்சு மாமி. முந்தநாள்."

"குழை?"

"அவிட்டாச்சு."

"அவனை எங்கை விட்டிட்டு வந்தனீ?"

"தேப்பனோடை. அவனுக்குப் பொருக்கு இன்னும் முழுக்க விழேல்லை."

"அது புத்தி. இந்த மாதம் முடியுமட்டும் அவனை இஞ்சாலைப் பக்கம் காட்டிப் போடாதை" என்றவர், குனிந்து சின்னவளைத் தூக்கினார். "இவள் வரட்டும். இவளுக்கென்ன, ராசாத்தி. தாயைப் போலை வாய் செத்ததில்லை இது. கிலுக்குத் தகரம்."

அக்கா விறாந்தையில் கால் நீட்டி இருந்தாள். கால்கள் வீங்கியிருந்தன. சின்னவள் போன உடனேயே அக்காவின் வயிற்றில் காதை வைத்தாள்.

"பெரியம்மா, உள்ளுக்கை ஆர் இருக்கினம்?"

"நீதான் கேட்டுச் சொல்லன்."

"நித்திரையாம். பிறகு வரட்டாம்."

அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டு பல வருஷங்கள். இரண்டு இரவும் சின்னவள் அக்காவோடு ஒரே பாயில், அக்காவின் கையில் தலை வைத்துப் படுத்தாள். சாப்பிட்டாள், ஓடினாள், முற்றத்துக் கோழிகளைக் கலைத்தாள். காய்ச்சல் இல்லை. தடிமன்கூட இல்லை.

மூன்றாம் நாள் காலை கிணற்றடியில் அவளைக் குளிப்பாட்டித் துவட்டினேன். முதுகில், இடது தோள்மூட்டுக்குக் கீழே ஒரு துளி தண்ணீர் துவாயில் படாமல் நின்றது. திரும்பவும் துடைத்தேன். போகவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் இல்லை.

நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். சட்டையைப் போட்டுக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டினேன். உள்ளே போய், "அவருக்குக் காய்ச்சலாம், நான் போக வேணும்" என்றேன்.

"ஆர் வந்து சொன்னது? காகமோ?" என்றார் மாமி.

"கனவு கண்டனான் மாமி."

"கனவிலை காய்ச்சல் கண்டு வெளிக்கிடுற பெண்சாதியை இண்டைக்குத்தான் பாக்கிறன். போட்டு வா, போட்டு வா. புருசன்காரன் குடுத்து வைச்சவன்."

அக்கா சின்னவளைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தடுக்கவில்லை. தடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். மருதனார்மடச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சந்தைச் சனம் நெருக்கியது. நான் பிள்ளையை ஒருவரும் தொடாதபடி ஒரு மதில் மூலைக்குள் விட்டு, அவளுக்கு முன்னால் நின்றேன். அந்த யோசனை உடுவிலில் வரவில்லை.

பொழுதுபட முதல் அவளுக்கு நெஞ்சிலும் வயிற்றிலும் பத்துப் பன்னிரண்டு போட்டுவிட்டது. என் புருஷன் போய்க் குழை முறித்து வந்து திரும்பவும் படலையில் கட்டினார்.

அடுத்த நாள் அரசாங்க மருத்துவிச்சி எங்கள் ஒழுங்கையில் ஒரு பச்சைப் பிள்ளையைப் பார்க்க வந்திருந்தார். அவர் சைக்கிளில் திரும்பும்போது படலையடியில் நின்று கூப்பிட்டேன்.

"மிஸி, ஒரு கேள்வி. எனக்கில்லை, தெரிஞ்ச ஓராளுக்கு."

"எல்லா வருத்தமும் தெரிஞ்ச ஆக்களுக்குத்தானே வாறது. சொல்லுங்கோ."

"உடம்பிலை ஒண்டும் போடாத பிள்ளை. காய்ச்சலும் இல்லை. ஓடி விளையாடுது. அதிட்டை இருந்து இன்னொராளுக்குத் தொத்துமோ?"

"தொத்தும். கொப்புளிப்பான் வெளியிலை தெரியிறதுக்கு ஒரு நாள், ரண்டு நாள் முந்தியே மூச்சோடை போகத் துவங்கியிடும்."

"மூண்டாம் தண்ணி வாத்தாச்செல்லோ, மிஸி."

"ஆருக்கு வாத்தனியள்?"

"மகனுக்கு."

"அப்ப மகன்ரை முடிஞ்சுது. மகளுக்கு ஆர் வாத்தது?"

அவர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். இந்த வருத்தம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போனால் இரண்டு கிழமையளவு ஒன்றும் காட்டாமல் உள்ளே இருக்குமாம். தமையனிடம் வாங்கியது தங்கைக்கு வெளிக்கிடுகிற நாட்களும், நாங்கள் குழையை அவிழ்த்துவிட்டு ஊர் போகிற நாட்களும் அநேகமாக ஒன்றாகத்தான் வரும். பொருக்குக் காய்ந்த பெடியனால் இனி ஒருவருக்கும் ஒன்றும் வராது. கூட்டிக்கொண்டு போயிருக்கக் கூடியவனை வீட்டில் விட்டுவிட்டு, விட வேண்டியவளை அக்காவின் பாயில் படுக்க வைத்திருக்கிறேன்.

"நான் உதை எத்தினை வீட்டிலை சொல்லிக் களைச்சுப் போனன். அம்மாளைப் பழிக்கிறன் எண்டு எனக்குத்தான் பேச்சு" என்றார். பிறகு, "ஆர் அந்தத் தெரிஞ்ச ஆள்?"

சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அக்காவுக்குச் சின்னனிலை வந்ததோ?"

வரவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். எனக்கு ஆறு வயதில் வந்தபோது அம்மா அக்காவைச் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஒரு மாதம் கழித்துத்தான் கூட்டி வந்தார். அன்றைக்கு அம்மா அவளைக் காப்பாற்றினார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"இண்டைக்கே போய்ச் சொல்லுங்கோ. ஆள் விடாதையுங்கோ, கதை மாறிப் போகும். டொக்டருக்கு அவையள் நேரத்தோடை சொல்ல வேணும்."

என் புருஷனைப் போகச் சொல்ல வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் பொத்தானைப் பூட்டியவள் நான். அவர் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு போய் உடுவில் ஒழுங்கை முகப்பில் இறக்கிவிட்டார். நான் படலைக்கு வெளியே நின்றேன்.

"மாமி, உள்ளுக்கை வரேல்லை. இதிலை நிண்டு சொல்லிப் போட்டுப் போறன். சின்னவளுக்குப் போட்டிட்டுது."

மாமி முதலில் விளங்காதவர்போல நின்றார். "எப்ப?"

"இஞ்சை நிக்கேக்கையே ஒண்டு போட்டது."

"நீ கண்டனியோ?"

"ஓம்."

"கண்டுகொண்டோ கொஞ்ச விட்டனீ?"

"ஓம் மாமி."

அவர் அதிகம் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "மூண்டு தண்ணி வாத்தனெண்டு வாயாலை சொல்லித்தானே உள்ளுக்கை வந்தனீ" என்றார். பிறகு குரல் இறங்கி, தனக்குத் தானே சொல்வதுபோல, "நானுமெல்லோ தூக்கி வந்தனான்" என்றார்.

அக்கா விறாந்தைக் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறது.

"விடுங்கோ மாமி. அவள் சொல்லாமலும் இருந்திருப்பாள். வந்து சொல்லுறாளெல்லே." என்னைப் பார்த்து, "சின்னவள் சாப்பிடுறாளோ?" என்று கேட்டாள்.

"கஞ்சி குடிக்கிறாள்" என்றேன்.

அதன் பிறகு நாட்களை எண்ணுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அத்தான் தபால் கந்தோரில் வேலை. பின்னேரங்களில் வேலை முடிந்து, சுற்று வழியென்றாலும் கோப்பாய்ப் பக்கமாக வருவார். சைக்கிளை விட்டு இறங்க மாட்டார். ஒரு கால் நிலத்தில் ஊன்றி, "இன்னும் ஒண்டுமில்லை" என்பார். அவ்வளவுதான். பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள், பதினாலாம் நாள். சின்னவளுக்கு மூன்று தண்ணியும் வார்த்தேன். ஆனால் குழையை அவிழ்க்க வேண்டாம் என்றேன். அயலில் சிரித்தார்கள். "தண்ணியும் வாத்துக் குழையும் கட்டியிருக்கிற வீட்டை இஞ்சைதான் கண்டம்" என்று ஒருத்தி வேலிக்கு மேலால் சொன்னாள்.

பதினைந்தாம் நாள் அத்தான் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"போட்டிட்டுது. முகமெல்லாம். பெரியாஸ்பத்திரியிலை தனிய ஒரு அறையிலை விட்டிருக்கினம்."

"பிள்ளை?"

"பிள்ளை வயித்துக்குள்ளை நல்லாத் துடிக்குது. டொக்டர் சொல்லுறார், இப்ப பிறந்தால்தான் கூடாதாம். தாயின்ரை உடம்பு இந்த வருத்தத்தை எதிர்க்கப் பழகி, அந்தச் சக்தி பிள்ளைக்கும் போய்ச் சேர வேணுமாம். அதுக்கு ஐஞ்சாறு நாள் வேணும். அது வரைக்கும் பிள்ளை நோவு வராமல் இருந்தால் பயம் குறைவாம்."

சொன்ன ஐந்து கிழமை முடிய ஆறு நாட்கள்தான் இருந்தன. பிள்ளை கெதியாகப் பிறக்க வேண்டும், சுகமாகப் பிறக்க வேண்டும் என்றுதான் பெண்கள் கும்பிடுவோம். நான் பிறக்கக்கூடாது என்று கும்பிட்டேன். அடுப்படியில், கிணற்றடியில், சின்னவளின் தலையை வாரி இழுக்கும்போது. இன்றைக்கு வேண்டாம். இன்றைக்கும் வேண்டாம். அப்படிக் கும்பிடுவது பாவமோ என்றுகூட யோசிக்க உடம்பில் தெம்பு இல்லை. போய்ப் பார்க்கவும் முடியாது. மாமி வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அந்த அறைக்கு வெளியாட்களை விடுவதும் இல்லை.

இரண்டாம் நாள் இலேசாக இடுப்பு நோகுதாம் என்று அத்தான் சொன்னார். அன்று இரவு நானும் என் புருஷனும் சாப்பிடவில்லை. விடிய நோ நின்றுவிட்டது. பொய் நோ என்றார்களாம். நாலாம் நாள், ஐந்தாம் நாள், ஆறாம் நாள். அக்காவின் கொப்புளங்கள் வாடத் தொடங்கின. ஏழாம் நாள் அத்தான் வரவில்லை.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு வந்தார். அவர் காலையில் வருவதில்லை. நான் விளக்குமாறோடு முற்றத்தில் நின்றேன். காலை ஊன்றி நின்று மூச்சு வாங்கினார். முகச்சவரம் செய்து பல நாளாயிருக்கும்.

"பெட்டை. விடியப்புறம். ரண்டு பேரும் சுகம்."

"உடம்பிலை?"

"ஒரு புள்ளியும் இல்லை. டொக்டர் திருப்பித் திருப்பிப் பாத்திட்டார்."

நான் விளக்குமாற்றை வேலியில் சாத்தினேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. "தேத்தண்ணி குடியுங்கோவன் அத்தான்" என்றேன். அவர் படலையில் கிடந்த காய்ந்த குழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேண்டாம். முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிவு முடிய வரட்டாம் எண்டு அம்மா சொன்னவ" என்றுவிட்டுப் போனார். அக்கா ஏதும் சொன்னாளா என்று கேட்க வாய் வருவதற்குள் ஒழுங்கை திரும்பிவிட்டார்.

அடுத்த நாள் மழை பெய்தது. தோட்டத்துக்கு இறைப்பு இல்லை. என் புருஷன் மத்தியானம் வரை நித்திரை கொண்டார். நான் பிள்ளைகளின் உடுப்புகளை அவித்து, காயப்போட இடமில்லாமல் வீட்டுக்குள் கொடி கட்டினேன்.