முதல் ‘வேண்டாம்’

ஆங்கிலத்தில் ‘டேக்’ என்றொரு வினைச்சொல் இருக்கிறது. அதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஒரு சொல்லின் மீது கோபப்படுவது கிறுக்குத்தனம் என்று தெரியும். ஆனால் மனிதர்கள் மீது படவேண்டிய கோபத்தையெல்லாம் பட்டு முடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

மலாக்காவில் பெண்கள் படிக்கும் ஓர் ஆங்கிலப் பள்ளியில் நான் கடைசி வகுப்பில் இருந்தபோது, எங்கள் ஆங்கில ஆசிரியை ஒரு பாடவேளை முழுவதையும் அந்த ஒரு சொல்லுக்கே கொடுத்தார். அவர் வெள்ளைக்காரர், நெட்டையானவர், வெயில் பட்டுப் பட்டு மூக்கு எப்போதும் சிவந்திருக்கும். உட்கார்வதற்கு ‘டேக் எ சீட்’. குளிப்பதற்கு ‘டேக் எ பாத்’. பஸ் ஏற, மருந்து குடிக்க, பரீட்சை எழுத, படம் பிடிக்க, எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். பிள்ளை அப்பனை உரித்து வைத்துப் பிறந்தால் அதற்கும் ‘டேக்’. இது போதாதென்று எங்கள் ஊர்க்காரர்கள் சாப்பாட்டையும் அதில் சேர்த்திருந்தார்கள். ‘யூ டேக் சில்லி ஆர் நாட்?’ என்று மீ விற்கும் நூடுல்ஸ் கடையில் கேட்பார்கள். அதை மட்டும் கரும்பலகையில் எழுத ஆசிரியை மறுத்துவிட்டார்.

நான் விடுவேனா? வீட்டுக்கு நடந்து வரும் வழியிலேயே தமிழில் அதற்கு ஓர் ஈடு தேடினேன். ‘வாங்கு’ என்று வைத்துக்கொண்டேன். அடி வாங்கலாம், மூச்சு வாங்கலாம், நல்ல பெயர் வாங்கலாம், அடுத்தவனிடம் வேலை வாங்கலாம். குளியலைத்தான் வாங்க முடியாது. பழி வாங்குவதில் மட்டும் இரண்டு மொழிகளும் ஒற்றுமையாக நின்றன. மறுநாள் இதை ஆசிரியையிடம் சொன்னேன். மேசையைத் தட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து அவருக்கு என்மேல் தனிப் பிரியம்.

காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டில் வாங்குவதற்கென்றே ஒரு சட்டம் உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் முதல் வார்த்தை ‘வேண்டாம்’ என்றுதான் இருக்கவேண்டும்.

“குடுத்த ஒடனே கைய நீட்டாத. பறக்காவெட்டின்னு நெனைப்பாங்க” என்பார் அம்மா.

‘வேண்டாம்’ என்றால் கொடுப்பவர் விடமாட்டார். வற்புறுத்துவது அவர் மரியாதை. மறுப்பது நம் மரியாதை. இரண்டும் முட்டி மோதி ஓய்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு அக்கா, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறி மலாய் பேசப் பழகிவிட்ட செட்டி சமூகத்தவர். நெற்றியில் குங்குமம், உடம்பில் கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும், வாயில் மலாய். தமிழில் சாமி பெயர்களோடு இன்னும் நாலைந்து சொற்கள்தான் அவருக்கு வரும். அவர் வேலிக்கு மேலே குவே பலகாரத் தட்டை நீட்டுவார். “தாக் பாயா லா” என்று அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொள்வார், எதற்கு வீண் சிரமம் என்பதுபோல. “அம்பில் லா, அம்பில்” என்று அந்த அக்கா தட்டை அம்மாவின் மேல் முட்டவைப்பார். எடுத்துக்கோ, எடுத்துக்கோ. வேலியருகே கொஞ்ச நேரம் ஒரு மல்யுத்தமே நடக்கும். கடைசியில் குவே எங்கள் வீட்டுக்குள் வந்து சேரும். பேசும் மொழி வேறானாலும் இருவருக்கும் ஆட்டத்தின் விதி ஒன்றுதான்.

மெர்டேக்கா வரப்போகிறது, நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்கப்போகிறது என்று வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருடம் அது. எங்கள் ஆசிரியையும் ஊர் திரும்பப் போவதாகப் பேச்சு. ஒரு சனிக்கிழமை மாலை அவருடைய சின்னக் கார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அரசாங்க ஸ்டோர் ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா, சாரோங்கோடு உள்ளே ஓடி நீளக் காற்சட்டையோடு திரும்பி வந்தார். அம்மா ஆரஞ்சுத் தண்ணீரும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார்.

“நோ, தேங்க் யூ” என்றார் ஆசிரியை.

எங்களுக்குத் தெரியாதா? அம்மா தட்டை இன்னும் அருகே தள்ளினார். “நோ, ரியலி” என்றார் அவர். அம்மா ஒரு முறுக்கை எடுத்து அவர் கையிலேயே திணித்துவிட்டார். இருந்த நேரம் முழுவதும் அவர் அதைக் கடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. அவர் உண்மையிலேயே வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். அது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அவர் வந்த காரியத்தைச் சொன்னார். அவருடைய அக்கா இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் தாதிகளுக்குத் தலைவி. அங்கே பயிற்சிக்கு ஓர் இடம் இருக்கிறது. கப்பல் செலவும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. போகும்போது என்னையும் தானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். கதவோரம் நின்ற எனக்குக் காதெல்லாம் சுட்டது. தாதி ஆகவேண்டும் என்பது எனக்கு அப்படியொரு ஆசை. அக்கம்பக்கத்தில் எந்தப் பிள்ளை முட்டியைச் சிராய்த்துக்கொண்டாலும் கட்டுப்போட என்னிடம்தான் ஓடிவரும்.

“வில் ஷி டேக் இட்?” என்று ஆசிரியை அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

அப்பாவின் முகம் பூரித்துப்போயிற்று. இரண்டு கைகளையும் கூப்பினார். “நோ, நோ, மேடம். டூ மச் டிரபிள் ஃபார் யூ” என்றார். அந்த ‘நோ’வைப் பிறந்ததிலிருந்து நான் கேட்டு வருகிறேன். அதைக் கேட்ட தமிழர் யாராக இருந்தாலும் ‘அட, இதுல என்னங்க சிரமம்’ என்று அடுத்த வரியை எடுத்துக் கொடுத்திருப்பார். ஆசிரியை என்னைப் பார்த்தார். நல்ல வீட்டுப் பெண் என்று பெயர் வாங்கவேண்டுமே, நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஐ குவைட் அண்டர்ஸ்டாண்ட்” என்று சொல்லி எழுந்து, முறுக்கோடு காரில் ஏறிப் போனார். ஒரு மண்ணும் புரிந்துகொள்ளவில்லை.

வீட்டில் அன்று திருவிழாதான். “மறுபடி வருவாங்க பாரு” என்றார் அப்பா. “மொதத் தடவையே சரின்னு சொன்னா என்ன நெனைப்பாங்க? மகள எப்படா தள்ளிவிடலாம்னு காத்துக்கிட்டு இருந்த மாதிரி இருக்கும்ல?”

“அங்க குளிரு தாங்காதாமே” என்று அம்மாவுக்குக் கவலை. அடுத்த நாளே நீல நிறக் கம்பளி நூல் வந்தது. பின்னத் தெரிந்தவர் பக்கத்து வீட்டு அக்காதான். அவரும் அம்மாவும் மலாக்கா வெயிலில் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து எனக்கு ஸ்வெட்டர் பின்னினார்கள். அப்பா ஸ்டோரில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

ஆசிரியை வரவில்லை. பள்ளியில் என்னிடம் முன்னைவிட அன்பாகத்தான் இருந்தார், ஆனால் அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. ஒரு குடும்பம் வேண்டாம் என்று சொன்ன பிறகு வற்புறுத்துவது அநாகரிகம் என்று அவர் நினைத்திருக்கிறார். அதற்குள் மெர்டேக்கா வந்துவிட்டது. தெருவெல்லாம் கொடி, கடலோரத் திடலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். வெள்ளைக்காரர்கள் போகிறார்கள் என்று ஊரே கொண்டாடியது. ஒரு வெள்ளைக்காரி போகுமுன் இன்னொரு தடவை எங்கள் வீட்டுக்கு வரவேண்டுமே என்று நாங்கள் மட்டும் சாமியை வேண்டிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் ஒருநாள், என் வகுப்பில் படித்த, வெள்ளைக்காரக் கலப்புள்ள சட்டைக்காரப் பெண் ஒருத்தி, ஆசிரியையோடு தான் இங்கிலாந்து போவதாகச் சொன்னாள். தாதிப் பயிற்சிக்கு. எப்போது கேட்டார் என்றேன்.

“போன மாதம். கேட்டார், யெஸ் என்றேன்” என்றாள் ஆங்கிலத்தில். அவ்வளவுதான் கதை. அவளிடம் நேராகவே கேட்டிருக்கிறார். அவளும் நேராகவே பதில் சொல்லியிருக்கிறாள்.

நான் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். அப்பா வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். கிளேபாங்கில் கடலைப் பார்த்த ஒரு பங்களாவில் ஆசிரியை வாடகைக்கு இருந்தார். கூடம் முழுக்கப் பெட்டிகள். அப்பா மூச்சு வாங்க, மகளை அனுப்பச் சம்மதம் என்று சொன்னார்.

“பட் யூ செட் நோ” என்றார் ஆசிரியை.

“தட் வாஸ் ஒன்லி தி ஃபர்ஸ்ட் டைம், மேடம்” என்றார் அப்பா.

ஆசிரியைக்குப் புரியவில்லை. அப்பா விளக்க முயன்றார். ஆணியும் பெயின்டும் கணக்குப் பார்க்கும் ஆங்கிலத்தில் அதை எப்படி விளக்குவது? கையைக் கூப்பிக் காட்டினார். தட்டைத் தள்ளுவதுபோலவும் பிறகு வாங்கிக்கொள்வதுபோலவும் நடித்துக் காட்டினார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. மெல்ல மெல்ல ஆசிரியையின் முகம் வெளிறியது. ஒரு பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். இருந்தது ஓர் இடம்தான், அது போய்விட்டது என்று இரண்டு மூன்று விதமாகச் சொன்னார். அவர் கண்ணிலும் நீர் இருந்தது.

பிறகு, என்ன செய்வதென்று தெரியாமல், தேநீர் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அதற்கும் அந்த ‘டேக்’தான்.

“நோ, தேங்க் யூ, மேடம்” என்றார் அப்பா.

ஆசிரியை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் இரண்டு கோப்பைகளில் தேநீர் கொண்டுவந்து எங்கள் கைகளில் கொடுத்தார். தேநீர் விஷயத்திலாவது கற்றுக்கொண்டார். நாங்கள் குடித்தோம். ஸ்வெட்டர் ஒரு கை பின்னாமலே நின்றுபோயிற்று.

சூடுபட்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். அடுத்த வருடம் என்னைப் பெண்பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சைத் தொடங்கினார். அவர் முடிக்கும் முன்பே எங்கள் அப்பா “சரி” என்றுவிட்டார். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “கேக்கறதுக்கு முன்னாடியே தள்ளிவிட்டாங்கல்ல” என்று என் மாமியார் கண்ணை மூடும்வரை சொல்லிக்காட்டினார். ஒரு கிளினிக்கில் சீட்டு எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. வெள்ளை உடுப்புத் தாதிகள் என்னைக் கடந்து உள்ளே போவார்கள், வருவார்கள். கெட்ட வாழ்க்கை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கவேண்டியவள் நான் என்ற வருத்தம் ஒருநாளும் என்னை விட்டுப் போனதில்லை.

அப்பா நடமாட்டம் குறைந்து நாற்காலியோடு இருந்த கடைசிக் காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கோப்பி கலந்து கொண்டுபோனேன். அவர் அதை வாங்காமல் என் முகத்தையே பார்த்தார்.

“அந்த டீச்சரம்மா வந்தாங்களே… அன்னைக்கு ஒனக்குப் போகணும்னு ஆச இருந்துச்சாம்மா?”

அத்தனை வருடங்களில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

“இல்லப்பா, அதெல்லாம் ஒண்ணும் இல்ல” என்றேன்.

“அப்படியா” என்றார். முகம் தெளிந்துவிட்டது. கோப்பியை வாங்கி நிதானமாகக் குடிக்கத் தொடங்கினார். இன்னொரு தடவை கேட்பார் என்று, கோப்பை காலியாகும்வரை நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.