அண்ணனின் அணைக்குக் கிடைத்த வகுப்பு

அண்ணனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கு முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மீது எனக்கு ஆயுள் முழுக்கப் பொறாமை இருந்தது. புகழ்ந்து மட்டும் எழுதினால் அண்ணியே நம்பமாட்டார்.

சாவகச்சேரியில் எனக்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகப் பிறந்தவர், பிறகும் எதிலும் முந்திக்கொண்டார். வகுப்பில் முதலாம் பிள்ளை அவர். நோர்வேக்கு முதலில் வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் கை விறைக்க உழைத்து, என்னை அழைத்தவரும் அவர்தான். நான் ஹவுகெட்டோவில் இரண்டறை வீடு வாங்கிய ஆண்டு, அவர் லில்லெஸ்ட்ரோம் நகருக்கு அப்பால் காணி வாங்கினார். அதில் ஒரு குளம், அதற்கு ஒரு மண் அணை, அணைக்குக் கீழே ஒரு மரக்குடில். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் கோடை வார இறுதிகளில் அந்தக் குடிலில் போய்ப் படுத்தவன் நான்தான்.

இங்கே தனியார் அணைகளுக்கும் பாதுகாப்பு வகுப்பு உண்டு. அண்ணனுடையதற்குப் பூச்சியம் என்று கடிதம் வந்தது. அதன் பொருளை நான் விசாரிக்கவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக அண்ணன் பூச்சியம் எடுத்துவிட்டார் என்று கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். சில மாதங்களில் அது வகுப்பு ஒன்று என மாறியது. அவரே எழுதிக் கேட்டாராம்.

"மறுதிருத்தத்துக்குப் போட்டு ஒரு புள்ளி எடுத்திட்டியளோ அண்ணை?" என்றேன்.

"ஓமடா, ஒரு புள்ளிதான்," என்று சிரித்தார்.

அதன்பின் அவருக்கு வேலை கூடியது. ஞாயிறுதோறும் அணைமேல் நடந்து, வேர்விடும் பேர்ச் மரக்கன்றுகளைப் பிடுங்குவார். அடியில் கசியும் நீர் கலங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக் குறித்துவைப்பார். நோய் முற்றிய பிறகும் தடியூன்றிப் போனார். என்னை அவர் இத்தனை முறை சுகம் விசாரித்ததில்லை என்று அந்த மண்மேட்டின் மீதும் பொறாமைப்பட்டேன்.

அவர் கண்மூடியபின் அண்ணி தந்த கோப்பில் அன்று அவர் எழுதிக் கேட்ட கடிதத்தின் நகல் இருந்தது. அணை உடைந்தால் கீழே ஆபத்துக்குள்ளாக ஒருவரும் இல்லை என்றால்தான் பூச்சியமாம். அணையின் சொந்தக்காரருக்கு அதுதான் சுகம், கடமைகள் மிகக் குறைவு. அண்ணன் எழுதியிருந்தார்: "கீழே இருப்பது நீங்கள் நினைப்பதுபோல் கருவிக் கொட்டில் அல்ல. அதில் என் தம்பி படுக்கிறான். ஆகவே பூச்சியத்தை என்னால் ஏற்க முடியாது."

அந்த ஒரு புள்ளி நான். அன்பிலும் அவரே முந்திவிட்டார்.

மருத்துவமனையில் துணையிருந்தோருக்கும், சமைத்துக் கொண்டுவந்தோருக்கும், அண்ணன் படுக்கையில் இருந்தபோது அணையைப் பார்த்துக்கொண்ட அயல் காணிக்காரருக்கும் எங்கள் நன்றி. போன கிழமை அண்ணி கேட்டார்:

"தம்பி, குடிலிலை இனி ஒருத்தரும் படுக்காட்டில் பூச்சியத்துக்கு மாத்தலாமாம். என்ன செய்வம்?"

"நான் படுப்பன் அண்ணி. வகுப்பு ஒண்டாவே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையிலை அணையை நானே போய்ப் பாக்கிறன்."

– தம்பி