தாம்பூலத் தட்டோடு புறப்பட்ட ஆராய்ச்சி

மக்கள் ஏன் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வருவதில்லை என்று ஆராயும் குழுவுக்கு நான் தலைவி. கோவையில் ஏசி அறை, சுழல் நாற்காலி எல்லாம் உண்டு. ஆனால் சோமனூரில் வாய்ப் பரிசோதனை முகாம் போட்டபோது வந்தவர்கள் நாங்களும் பந்தல்காரரும்தான். ஆட்டோவில் மைக் கட்டி ஊர் முழுக்கக் கத்தியும் ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை.

விசைத்தறி ஓட்டும் ஓர் அக்காவிடம் காரணம் கேட்டேன். அவர் சிரிக்கையில் உதட்டோரம் உள்பக்கத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தது. புற்றுநோய்க்கு முன்னோடியாக வருவது அப்படியொரு திட்டுதான்.

"ஏனுங்க, மைக்ல சொன்னா வந்தர்றதுங்களா? ஊட்டுக்கு வந்து அழைக்கோணுமில்லீங்க?"

நியாயம்தானே. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் பந்தியில் பாதி இலை காலியாகக் கிடக்கும். வீடு வீடாகப் போய்க் குங்குமம் கொடுத்து, தாம்பூலத் தட்டு நீட்டி, முறைப்படி அழைக்க வேண்டுமென்று உத்தரவு போட்டேன். எங்கள் புள்ளியியல்காரர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் வீடு அந்த அக்காவுடையது. தட்டை வாங்கியவர் எங்கள் கண்ணெதிரிலேயே வெற்றிலையை மடித்து, பாக்கோடு சேர்த்து வாயில் அதக்கிக்கொண்டார். வாய்ப் புற்றுநோயைத் தடுக்கக் கிளம்பிய குழு, வீடு தேடிப் போய்ப் பாக்கு விநியோகம் செய்திருக்கிறது!

"அக்கா, துப்புங்க!" என்று அலறினேன்.

"குடுத்துப்போட்டுத் துப்பச் சொல்றீங்களே!" என்று அவர் சிரித்த சிரிப்பில் தெருவே கூடிவிட்டது. அடுத்த வீட்டிலிருந்து தட்டில் வாழைப்பழம் மட்டும்தான்.

மறு முகாமுக்குக் கூட்டம் வந்தது. அக்காவும் வந்தார். டாக்டர் திட்டைப் பார்த்துவிட்டு, சதையில் துளி எடுத்துச் சோதிக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார். அக்கா தலையாட்டினார், போகவில்லை. போன் செய்தால், "வாரேனுங்க, வாரேனுங்க." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே தறிக்கூடத்தில் போய் நின்றேன்.

தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். "எல்லாருமா இருந்தாங்க, முகாமுக்கு வந்துபோட்டேன். அங்க தனியாப் போகோணுமுங்களா? பயமா இருக்குது அம்மணி."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. கையைப் பிடித்து என் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். சோதனை முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் முத்தவில்லை, சின்ன அறுவையில் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

அறுவைக்கு முன்னால் நர்ஸ் காகிதத்தை நீட்டி, "கூட வந்தவங்க யாரு? என்ன உறவு?" என்று கேட்டார். நான் என் பதவியைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"தங்கச்சிங்க."

கண்ணீர் கண்ணை மறைத்தது. எங்கே கையெழுத்துப் போடுவதென்று நர்ஸ்தான் விரல் வைத்துக் காட்டினார்.