பின்னால் பார்த்துச் சொன்னவன்

மாட்டுவண்டிச் சவாரிப் பந்தயத்தில் ஓட்டுகிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. தலை திரும்பினால் கயிறு திரும்பும், கயிறு திரும்பினால் மாடு திரும்பும். ஆகவே வண்டியில் பின்னால் ஒருவன் இருப்பான். மற்ற வண்டி எவ்வளவு கிட்ட வருகிறது என்று பார்த்துக் கத்துவது அவன் வேலை. அண்ணை ஓட்டிய காலமெல்லாம் அந்த வேலை என்னுடையது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு ஒழுங்காகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

ஒழுங்காக என்றால், பொய்யாக. பின்னால் இருக்கிற எவனும் உண்மை சொல்வதில்லை. மற்றச் சோடி இருபது முழம் பிந்தி வந்தாலும், "முதுகிலை மூச்சு விடுறான் அண்ணை, விடுங்கோ!" என்று கத்தவேண்டும். எனக்கு அதற்கு முயற்சியே தேவைப்படவில்லை. பிறந்த நாளிலிருந்து எல்லாமே கிட்ட வருகிற மாதிரித்தான் எனக்கு. பிள்ளை ஒருதரம் இருமினால் ஆஸ்பத்திரிக்கு உடுப்புப் பை கட்டி வைக்கிற ஆள் நான்.

அச்சுவேலிப் பக்கத்தில் அண்ணையைத் தெரியாதவர் அப்போது இல்லை. சண்டை இறுகித் தரைப்பாதை அடைபட்டதும் சனம் நேவியின் கண்ணில் படாமல் இரவில் நீரேரியைப் படகில் கடக்கத் தொடங்கியது. வேகமும் துணிவும் உள்ளவன் என்று அண்ணையைத்தான் கூப்பிட்டார்கள். மாட்டுக் கயிறு பிடித்த கை ஒரு மாதத்தில் எஞ்சினுக்குப் பழகிவிட்டது. முன்னால் எஞ்சின் பூட்டிய படகு. அதன் பின்னால் கயிற்றில் கோர்த்தபடி எஞ்சின் இல்லாத நாலு படகுகள், அவை நிறையச் சனம். அண்ணை போகிற திசையைப் பார்ப்பார். நான் பின்பக்கம் பார்ப்பேன்.

ஒருநாள் பிந்திப் புறப்பட்டோம். நடுவழியிலேயே வெளுத்துவிட்டது. தூரத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. நேவிப் படகாக இருக்கலாம். மீனுக்கு நட்ட பட்டிவலைக் கம்பாகவும் இருக்கலாம். நான் இரண்டாம் தரம் பார்க்கவில்லை.

"வந்திட்டான் அண்ணை! விடுங்கோ!"

அண்ணை எஞ்சினை முழு வேகத்தில் விட்டார். படகுகள் வெட்டி இழுபட்டன. கடைசிப் படகின் கயிறு அறுந்ததை நான் கண்டேன். "நிப்பாட்டுங்கோ" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்தக் கறுப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கரையில் எண்ணியபோதுதான் அண்ணைக்கு விசயம் தெரிந்தது. உடனே தனியே திரும்பிப் போனார். படகு கவிழ்ந்து கிடந்தது. நாலு பேர் அதைப் பிடித்தபடி கிடந்தார்கள். ஒரு தாயும் அவளுடைய கைக்குழந்தையும் இல்லை. அன்றைக்கு அந்த நீரேரியில் ஒரு வெடிச்சத்தம்கூடக் கேட்கவில்லை.

அண்ணை அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று பின்னேரமும் சனம் கரையில் காத்து நின்றது. அவரும் போனார், நானும் போனேன். முப்பது வருசத்துக்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு ஒரு மறுமொழியை நான் கட்டி வைத்திருந்தேன்: "ஓம் அண்ணை, என்ரை கண்ணாலை கண்டனான்." குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்ப்பேன்.

இந்தப் பொங்கலுக்குச் சவாரித் திடலில் அண்ணைக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகச் சொன்னார்கள். என் மோட்டார்சைக்கிளில்தான் ஏற்றிப்போனேன். மேடைக்குப் பக்கத்தில் இருந்தோம். அறிவிப்பாளர் ஒரு தாளோடு வந்தார்.

"ஐயா, இப்பிடித்தான் வாசிக்கப் போறன். திடலிலை தோற்காதவர், கடலிலை ஒரு உயிரையும் விடாதவர். சரிதானே?"

"கொஞ்சம் பொறும் தம்பி," என்ற அண்ணை என் பக்கம் திரும்பினார். "டேய், அண்டைக்கு உண்மையாப் பின்னாலை ஆரும் வந்தவங்களோ? வந்தவங்கள் எண்டால் அது எங்கடை பிழையில்லை, இவர் வாசிக்கட்டும்."

கட்டி வைத்த மறுமொழி வாய்வரை வந்தது.

"தெரியேல்லை அண்ணை. கறுப்பா ஏதோ. நான் வடிவாப் பாக்கேல்லை."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"சவாரியிலை நீ கத்தினது ஒண்டையும் நான் நம்பினதில்லை. பின்னாலை இருக்கிறவன் புளுகுவான் எண்டு ஓட்டுறவனுக்குத் தெரியாதே? அண்டைக்கு மட்டும் நம்பினன். இவ்வளவு சனம் இருக்கேக்கை புளுகமாட்டான் எண்டு நினைச்சன்."

பிறகு அறிவிப்பாளரிடம், "கடலை வெட்டிவிடும். மாட்டை மட்டும் வாசியும்," என்றார்.

அப்படியே வாசித்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். சனம் கைதட்டியது. அடுத்த ஓட்டத்தில் எவனோ ஒருவன் வண்டியின் பின்னாலிருந்து, "கிட்ட வந்திட்டான், கிட்ட வந்திட்டான்!" என்று கத்திக்கொண்டு போனான். மற்ற வண்டி பாதித் திடலைக்கூடத் தாண்டவில்லை.

வெளியே வந்ததும் நான் மோட்டார்சைக்கிளை ஸ்டார்ட் பண்ணினேன். அண்ணை ஏறவில்லை.

"நான் பஸ்ஸிலை வாறன். நீ போ."

பஸ்ஸில் இருக்கக் கிடைக்குமோ, இறங்கும்போது விழுந்துவிடுவாரோ என்று எனக்கு ஒரே யோசனை. பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடைசிச் சீட்டில் அவருடைய பிடரியும் பொன்னாடையும் தெரிந்தன. எங்கள் சந்தி வரும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.