பூசணிக்காய் தொங்கிய கதவு

ஓசூரில் ஆயுத பூஜை வந்தால் எதற்கெல்லாம் பொட்டு வைப்பார்கள் என்று சொன்னால் நம்ம கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் சிரிப்பீர்கள். லேத்துக்கும் லாரிக்கும் வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. இங்கே மிக்ஸிக்கு வைப்பார்கள், தண்ணீர் மோட்டாருக்கு வைப்பார்கள். ஏடிஎம் வாசலில் இருக்கிற காவலாளி தன்னுடைய டார்ச் லைட்டுக்கு வைத்ததை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த வருஷம் பக்கத்து வீட்டு கௌரம்மா தன் வாஷிங் மெஷினுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, முன்னால் இருக்கிற வட்டக் கதவைத் திறந்து, அந்தக் கதவின் நுனியில் உறி போட்டு ஒரு முழுப் பூசணிக்காயைத் தொங்க விட்டிருந்தது. திருஷ்டி படக் கூடாதாம். வாடகை வீட்டு நிலையில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடவில்லை, அதனால் மெஷின் கதவு.

கௌரம்மா கர்நாடக எல்லையோரத்து ஜவளகிரிக்காரி. வீட்டில் கன்னடம், கடையில் தெலுங்கு, என்னிடம் தமிழ். மூன்றையும் ஒரே மூச்சில் பேசும். புருஷன் போன பிறகு, இருந்த ஒரு கறவை மாட்டை விற்று இந்த மெஷினை வாங்கிக்கொண்டு ஓசூரில் எங்கள் மூக்கண்டப்பள்ளிக்கு வந்தது. பக்கத்தில் ஒரு கம்பெனிப் பையன்கள் தங்குகிற ஹாஸ்டல் இருக்கிறது. அவர்கள் யூனிபார்ம் மொத்தமும் கௌரம்மா கையில்தான் வெளுக்கிறது. மாட்டை விற்றவள் ஆறு மாதத்தில் திரும்பி வந்து நிற்பாள் என்று கூடப்பிறந்த அண்ணனே சொல்லி அனுப்பியிருக்கிறான். அப்படி வந்தவளைப் பார்த்தால் எனக்கு ஒரு மரியாதை. நானும் அப்படி வந்தவன்தானே.

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மீன் பிடிக்க வள்ளம் ஏறினால் குடல் வெளியே வந்துவிடும், ஊரே சிரித்தது. ஓசூர் பஸ்ஸில் ஏறி வந்து இறங்கினேன். பல் தந்தியடிக்கிற குளிர். கடல் இருக்கிற ஊரில் பிறந்தவனுக்குக் காற்றில் உப்பு இல்லாமல் மூச்சு விடுவதே விநோதமாக இருந்தது. அச்சுகள் செய்கிற ஒரு டூல் ரூமில் இரும்புச் சீவல் கூட்டுகிற வேலை. எனக்குக் கற்றுக் கொடுத்தவன் எவனும் கிடையாது. கூட்டிக்கொண்டே பார்த்தேன், பார்த்ததைப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கு எனக்குச் சொந்தப் பட்டறை இருக்கிறது, மேலும் கீழுமாக வீடு இருக்கிறது. இன்ஜினியர் படித்த பிள்ளைகள் அச்சு சரியாக உட்காரவில்லை என்றால் என்னைத் தேடித்தான் வருகிறார்கள். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

விஜயதசமி காலை. கௌரம்மா என் வாசலில் வந்து நின்று, "பாகிலு முச்சக்கே ஆக்தா இல்லாண்ணா" என்றது. கதவு மூட மாட்டேன் என்கிறதாம். மழைக்கு வீட்டுக் கதவு உப்பிவிட்டது போல என்று நினைத்து, நான் உளியும் சுத்தியலுமாகப் போய் நின்றேன். அதைப் பார்த்ததும் அந்தப் பெண் மெஷினுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டது.

"அய்யோ, பேடா பேடா! வேணாம், ஒடச்சிடாதீங்கண்ணா!"

அப்புறம்தான் விஷயம் எனக்குப் புரிந்தது. ராத்திரி முழுக்கப் பூசணிக்காய் தொங்கியதில் கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மூடினால், கதவில் இருக்கிற கொக்கி அதற்கான துவாரத்துக்குள் போகாமல் கீழே தகரத்தில் இடிக்கிறது. கொக்கி மாட்டாவிட்டால் இந்த ஜாதி மெஷின் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாது. கம்பெனி ஆளுக்குப் போன் போட்டால், பண்டிகை முடிந்து வருகிறோம், அநேகமாகக் கதவையே மாற்ற வேண்டியிருக்கும் என்கிறான்.

அதற்குள் ஹாஸ்டல் சூப்பர்வைசர் செல்வம், தருமபுரிப் பையன், யூனிபார்ம் மூட்டைகளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். நாளைக் காலை முதல் ஷிப்டுக்குப் பையன்கள் போட்டாக வேண்டிய துணி.

"என்னாக்கா, மெஷினுக்கும் லீவு உட்டுட்டியா?"

"இல்ல தம்பி, அண்ணா பாக்கறாரு. சாயங்காலம் ரெடி."

"சாயங்காலம் வருவேன். இல்லன்னா டவுன் லாண்டிரிக்கே மொத்தமா கட்டி உட்ருவோம்க்கா. ஆபீஸ்ல ஏற்கெனவே கேட்டுனுதான் இருக்காங்க. என்மேல வருத்தப்படாத."

போய்விட்டான். கௌரம்மா அழவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சொல்லுங்கண்ணா, நான் என்ன பிடிக்கணும்?" என்றது. இந்த ஊரில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

முதலில் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். லாரிக் கதவைத் தூக்குகிற மாதிரி முழங்காலைக் கொடுத்து ஒரு எக்கு எக்கினேன். கதவு மேலே வந்தது, கையை எடுத்ததும் பழையபடி தொங்கியது. கீல் பக்கம் விரலால் தடவிப் பார்த்தேன். மேல் திருகு மரை தேய்ந்து சும்மா சுற்றியது, கீழ்த் திருகு தளர்ந்திருந்தது. மெஷின் வாயைச் சுற்றி இருக்கிற ரப்பரின் ஓரத்தை விலக்கி, உள்ளே கையை விட்டுத் தகரத்துக்குப் பின்னால் திருகைப் பிடிக்கிற பட்டையைக் கழற்றினேன். பட்டறைக்குக் கொண்டுபோய், கொஞ்சம் தடித்த போல்ட்டுக்குப் புது மரை போட்டுக்கொண்டு வந்து மாட்டினேன். இனி இறுக்க வேண்டியதுதான். ஆனால் எந்த உயரத்தில் இறுக்குவது? கதவை மூடினால் கொக்கி கண்ணுக்குத் தெரியாது. திறந்தால் எங்கே இடித்தது என்று தெரியாது.

டூல் ரூமில் இதற்கு ஒரு வழி உண்டு. மேல் அச்சும் கீழ் அச்சும் பொருந்துகிறதா என்று பார்க்க, ஒன்றில் நீல மையைத் தடவி மற்றதோடு சேர்ப்போம். எங்கே நீலம் ஒட்டுகிறதோ அங்கே இடிக்கிறது, அங்கே ராவ வேண்டும். நீலம் பொய் சொல்லாது. என் பட்டறையில் மை டப்பா காய்ந்து கிடந்தது, கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோதுதான் எதிரே பார்த்தேன். மெஷின் நெற்றியில் எண்ணெயில் குழைத்து அப்பிய குங்குமம், ஈரம் காயாமல் இருந்தது.

நான் பார்த்ததை கௌரம்மாவும் பார்த்துவிட்டது.

"நீங்க சர்ச்சுக்காரரு. தொடலாமாண்ணா?"

"நான் தொடுறது கெடக்கட்டும் தாயி. ஒன் சாமிப் பொட்ட நான் அழிக்கலாமா?"

 கௌரம்மா தானே விரலால் வழித்து எடுத்து நீட்டியது. "அம்மா இத மெஷினுக்குத்தானே குடுத்தா. மெஷினுக்கே ஆகட்டும்."

படித்தவர்களிடமும் சாமியார்களிடமும் எவ்வளவோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் எனக்கு வழிவிட்டதில்லை.

கொக்கி நுனியில் குங்குமத்தைத் தடவினேன். கௌரம்மா கதவுக்குக் கீழே துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொள்ள, மெல்ல மூடித் திறந்தேன். துவாரத்துக்குக் கீழே தகரத்தில் சிவப்பு. "தூக்கு தாயி." மறுபடி மூடினேன். இப்போது துவாரத்துக்கு மேலே சிவப்பு. "ரொம்பத் தூக்கிட்ட, மாட்ட மேய்க்கிற பெலத்தையெல்லாம் இதுல காட்டாத." "மாடு போனப்புறம் பெலம் எங்கண்ணா போகும், இங்கதான் இருக்குது" என்று சிரித்தது. பிடியை விடவில்லை. ஒரு நூல் இறக்கச் சொல்லி, இரண்டு சிவப்பையும் துடைத்துவிட்டு, கொக்கியில் புதிதாகத் தடவி மூடினேன். திறந்து பார்த்தால் தகரத்தில் எங்கும் சிவப்பு இல்லை. துவாரத்துக்கு உள்ளேதான் இருந்தது. அப்படியே பிடிக்கச் சொல்லி இரண்டு திருகையும் இறுக்கி, ரப்பரை ஒழுங்காகப் பொருத்தினேன்.

மூட்டையைப் பிரித்துத் துணியைப் போட்டு கௌரம்மா கதவைச் சாத்தியது. டிக் என்றது. "நீவே ஆன் மாடி அண்ணா" என்று என் கையைப் பிடித்துப் பொத்தானில் வைத்தது. பூஜை முடிந்து முதல் ஓட்டம். இங்கே அதை வேண்டியவர்கள் கையால்தான் தொடங்குவார்கள். தண்ணீர் ஏறியது. கதவுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

சாயங்காலம் செல்வம் வந்தபோது கடைசி மூட்டை ஓடிக்கொண்டிருந்தது. மடித்து அடுக்கியிருந்த யூனிபார்ம்களைத் தொட்டுப் பார்த்தான்.

"ஐயா எந்தூரு? பேச்சு நம்ம பக்கம் இல்லியே."

நான் வாயைத் திறப்பதற்குள் கௌரம்மா சொன்னது: "இதே ஊரு."

மடித்ததை ஏற்றிக்கொண்டு, மிச்சத்துக்கு ராத்திரி வருகிறேன் என்று அவன் போனதும் ஊரிலிருந்து தம்பியின் போன். என் பெண்டாட்டி பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். "அண்ணே, எங்க இருக்கிய? என்னது அங்க ஒரே சத்தம்?"

"மெஷின் ஓடுது."

"இன்னைக்குமா? எப்பத்தான் ஊருக்கு வருவிய? மைனி கேக்கா, பிள்ளைய கேக்கு."

"வாறேன்லே. இது முடியட்டும்."

போனை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு உள்ளே யார் யாருடைய சட்டைகளோ இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. திடீரென்று நின்றது. காலையில் பட்ட பயத்தில் கௌரம்மா பதறி எழுந்தது. நான் கையமர்த்தினேன். ஒரு மூச்சு நேரம் எல்லாத் துணியும் அடியில் அசையாமல் கிடந்தது. பிறகு வலப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது.