லாயாங் லாயாங்கில் வெந்நீர் ஆற்றிய கதை

ரப்பர் விலை சரிந்து, ஜொகூர் பாரு ரயில் நிலைய வாசலில் என் டீக்கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்த வருடம் அது. நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாவது வாரம், லாயாங் லாயாங் என்ற சிற்றூருக்குக் கிளம்பினேன். அங்கே ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தன் மளிகைக் கடையில் பாதியை வாடகைக்கு விடுவதாகக் கேள்வி. நிபந்தனை ஒன்றுதான்: அவர் குடிக்கும் பச்சைத் தேயிலையை அவர் மெச்சும்படி போட்டுக் கொடுக்க வேண்டும். இருபது வருடம் டீ போட்ட கைக்கு இதெல்லாம் ஒரு நிபந்தனையா என்று மீசையை முறுக்கினேன். துணைக்கு என் மச்சான் வந்தான்.

காலை ஏழு பத்துக்கு வண்டி. நாற்பத்தைந்து மைல், மூன்றாம் வகுப்பில் ஒரு வெள்ளி இருபது காசு. செடெனாக்கில் தோட்டத்து ஆட்கள் மூட்டை முடிச்சோடு ஏறியதும் உட்கார்ந்திருந்த இடமும் போனது. பத்து மணிக்கு இறங்கினோம்.

தவுக்கே தகர டப்பாவைத் திறந்தார். தட்டையான இளங்கொழுந்து, வருடத்துக்கு ஒரு டப்பாதான் சீனாவிலிருந்து வருமாம். மிச்சமிருந்தது இரண்டே சிட்டிகை. முதல் சிட்டிகையில் தளதளவென்று கொதித்த நீரை ஊற்றினேன். கை தானாகப் பால் டின்னைத் தேடியது; இழுத்துக்கொண்டேன். தவுக்கே ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியை வாசலில் கொட்டினார். நானும் கோப்பையின் அடியில் மிஞ்சியதை நக்கிப் பார்த்தேன். ஒரே கசப்பு. இலை கீரையாக வெந்து கிடந்தது.

"வாங்க மச்சான், சலாம் சொல்லிட்டுப் போலாம். ரெண்டரைக்கு வண்டி இருக்கு" என்றான் மச்சான்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வெந்தது இலை என்றால் குற்றம் சூட்டில்தானே? ரயிலுக்கு ஓடுகிறவனுக்குச் சூட்டை இறக்கிக் கொடுப்பதுதான் என் பிழைப்பே. இரண்டு குவளைகளை எடுத்து, வெறும் வெந்நீரை ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி ஏழு முறை ஆற்றினேன். தண்ணீரை ஆற்றுகிற பைத்தியத்தைப் பார்த்துத் தவுக்கே விழுந்து விழுந்து சிரித்தார். குவளைச் சூட்டைக் கை தாங்கியதும் கடைசிச் சிட்டிகையின் மேல் ஊற்றினேன்.

இலை மெல்ல விரிந்தது. இளம்பச்சை நிறம், வேகவைத்த பயறின் வாசம், தொண்டையில் லேசான தித்திப்பு. தவுக்கே கோப்பையைக் காலி செய்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"சுடா லா. கெடாய் லு பூன்யா."

போதும், கடை உன்னுடையது என்று அர்த்தம். வெட்கமில்லாமல் மச்சானைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் செடெனாக்குக்கு முன்பே ஜன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்கு எதிரே என் பலகை தெரியும். இப்போது தவுக்கே என் கடைக்கும் சேர்த்துப் பச்சைத் தேயிலை வரவழைக்கிறார்; அதைக் கேட்டால் சர்க்கரை கேட்காதீர்கள். நான் தண்ணீரை ஆற்றும்போது தாராளமாகச் சிரிக்கலாம். முதலில் சிரித்தவர் இப்போது தினமும் காலையில் கோப்பையோடு என் பக்கம் வந்து நிற்கிறார்.